கோரை மாதிரி ஒரு வெங்காயம்: விதை போட்டு சைவ்ஸ் வளர்க்க முழு வழிகாட்டி

மூன்றாவது தடவைதான் எனக்கு சைவ்ஸ் வந்தது. முதல் தடவை விதையே முளைக்கவில்லை. இரண்டாவது தடவை நன்றாகவே முளைத்தது, ஒரு விரல் உயரமும் வந்தது, நானும் தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே மாடிக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால் டப்பாவில் வெறும் மண். அம்மாவிடம் கேட்டேன். "ஏங்கண்ணு, டப்பா பூரா கோரை மண்டிக் கெடந்துச்சு, அதான் புடுங்கிப் போட்டுட்டேன்" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சைவ்ஸ் நாற்றைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். லின்னேயஸ் 1753-இல் பதிவு செய்த தாவரவியல் பெயர் அல்லியம் ஷூனோபிரேசம். அந்த நீளமான சொல்லைப் பிரித்தால் கிரேக்கத்தில் முன்பாதி கோரை, பின்பாதி லீக் என்கிற வெங்காய வகை. அம்மா பாதிப் பெயரைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

இது வெங்காயம், பூண்டு குடும்பத்துச் செடி. பெயரைக் கேட்டால் சைவம் மாதிரி இருக்கும், ஆனால் வெங்காயம் பூண்டு சேர்க்காத வீட்டில் இதற்கும் இடம் கிடையாது. கிழங்கு என்று சொல்லும்படி ஒன்றும் வைக்காது, தாள்தான் சாப்பிடுவது. வெங்காயத்தாளின் காரத்தில் பாதிகூட இருக்காது, பச்சையாகவே நறுக்கித் தூவலாம். ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் வெட்ட வெட்ட வந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த இடம் வரை கொண்டுபோவதற்கு மூன்று மாதம் பொறுமை வேண்டும், பெரும்பாலும் அங்கேதான் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். நான் இருப்பது கோயம்புத்தூர், மொட்டை மாடியில் தொட்டி வைத்து வளர்க்கிறேன். கீழே சொல்லும் மாதக் கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

வாங்குவதற்கு முன்

சைவ்ஸ் என்ற பெயரில் இரண்டு செடிகள் சுற்றுகின்றன. அசல் சைவ்ஸின் தாள் உருண்டையாக, உள்ளே குழலாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்தில் இருக்கும், பூ ஊதா நிறம். கார்லிக் சைவ்ஸின் தாள் தட்டையாக, புல் மாதிரி இருக்கும், கசக்கினால் பூண்டு வாசம் அடிக்கும், பூ வெள்ளை. மலேசியா, சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இதைக் குச்சாய் என்றால் உடனே தெரியும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் ஏமாற்று. ஒரு நர்சரியில் சைவ்ஸ் நாற்று என்று நூற்றைம்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன், இரண்டு மாதத்தில் தாள் சுண்டுவிரல் கனத்துக்கு வந்தது, அடியில் தோண்டிப் பார்த்தால் வெங்காயம். வெறும் வெங்காயத்தாள்! அதனால்தான் விதை போட்டே வளர்ப்பது என்று முடிவு செய்தேன்.

அசல் சைவ்ஸ் குளிர்ப் பிரதேசத்துச் செடி. ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா மூன்றிலும் இயற்கையாகவே வளர்வது, வெங்காயக் குடும்பத்தில் அப்படி அமெரிக்கப் பக்கமும் ஐரோப்பா, ஆசியப் பக்கமும் இயற்கையாக இருப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குப் பெரிய சிரமம் இல்லை. சென்னை, மதுரை, திருச்சி என்றால் குளிர்காலப் பயிர் என்று நினைத்து ஆரம்பியுங்கள், கோடையைத் தாண்டினால் லாபம். வெயில் ரொம்பக் கொளுத்துகிற ஊர், மாடியில் நிழலுக்கும் வழியில்லை என்றால் பேசாமல் கார்லிக் சைவ்ஸ் போடுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், விதைக்கிற முறை இரண்டுக்கும் ஒன்றேதான்.

எப்போது விதைப்பது

விதை முளைக்க 15 முதல் 21 டிகிரி வரையான சூடு பிடிக்கும். ஏப்ரல் மாதம் 35 டிகிரி வெயிலில் விதைத்துவிட்டு விதை சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கோவையில் நவம்பர் இரண்டாம் வாரம் எனக்குச் சரியாக இருக்கிறது, வடகிழக்குப் பருவமழையின் கனத்த சாரல் கொஞ்சம் ஓய்ந்து, இரவு குளிர ஆரம்பித்திருக்கும். சென்னையிலும் டெல்டாவிலும் நவம்பர் மழை நாற்றை அடித்துக்கொண்டு போய்விடும், டிசம்பர் முதல் வாரம் வரை பொறுங்கள், அல்லது மழை படாத இடத்தில் வையுங்கள். ஊட்டியில் நேர்மாறு, டிசம்பர் ஜனவரியில் உறைபனி விழும், அது முடிந்து பிப்ரவரி கடைசியில் ஆரம்பிக்கலாம்.

விதை: பாதி வெற்றி இங்கேதான்

சைவ்ஸ் விதை கறுப்பாக, கோணல்மாணலாக, பார்க்கக் கருஞ்சீரகம் மாதிரி இருக்கும். (கருஞ்சீரகத்தை வெங்காய விதை என்று சொல்லி விற்பவர்கள் உண்டு, அது வேறு குடும்பம், விதைத்தால் வேறு செடிதான் வரும்.) வெங்காயக் குடும்பத்து விதைகள் எல்லாவற்றுக்கும் ஆயுள் குறைவு. ஒரு வருடம் நன்றாக முளைக்கும், இரண்டாம் வருடம் பாதி, அதற்கு மேல் அதிர்ஷ்டம். எனக்கு முதல் தடவை நடந்தது அதுதான், இணையத்தில் வாங்கிய பாக்கெட்டை ஆர்வக்கோளாறில் தேதி பார்க்காமல் கிழித்துப் போட்டுவிட்டேன், மூன்று வாரம் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் தெளித்தபிறகுதான் குப்பையிலிருந்து உறையைத் தேடி எடுத்துப் பார்த்தேன், மூன்று வருடத்துச் சரக்கு.

ஆகவே பேக்கிங் தேதி பாருங்கள். சந்தேகமாக இருந்தால் பத்து விதையை ஈர டிஷ்யூ பேப்பரில் சுற்றி, மூடிபோட்ட டப்பாவில் வைத்து, வீட்டில் குளுமையான மூலையில் இரண்டு வாரம் விடுங்கள். ஆறு ஏழு முளைத்தால் தாராளமாக விதைக்கலாம். இரண்டு மூன்றுதான் என்றால் மூன்று மடங்கு விதை போடுங்கள், அல்லது புதிதாக வாங்குங்கள். மீதி விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். முளைப்பதற்காக ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை, சேமிக்க மட்டும்.

டப்பாவும் மண்ணும்

அரைக் கிலோ தயிர் டப்பா போதும், அடியில் ஐந்தாறு ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள். குழித்தட்டு இருந்தால் அது இன்னும் வசதி, நாற்றைப் பிடுங்கும்போது வேர் அறுபடாது. நாற்றுக்கான கலவை: இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு, ஒரு பங்கு சலித்த மண்புழு உரம். தோட்டத்து மண் இந்தக் கட்டத்தில் வேண்டாம், களைவிதை கலந்து வந்தால் எது புல் எது சைவ்ஸ் என்று உங்களுக்கே தெரியாது, பிறகு என் அம்மா கதைதான்.

நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும், வெங்காயக் குடும்பத்துக்கு உப்பு ஆகவே ஆகாது. இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசிப் பிழிந்து எடுங்கள். கலவையில் ஒரு கைப்பிடி டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சைப் பொடி) கலந்து இரண்டு நாள் ஈரமாக மூடி வைத்தால், நாற்றழுகலுக்குக் காரணமான பூஞ்சைக்கு முன்கூட்டியே ஒரு காவல்.

விதைக்கிற நாள்

டப்பாவில் கலவையை நிரப்பி, தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் வடியவிடுங்கள். கையில் எடுத்து இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சைவ்ஸைத் தனித்தனியாக ஒரு விதை ஒரு குழி என்று போட வேண்டாம். இது தூர் கட்டி வளர்கிற செடி, ஒற்றை நாற்று நூல் மாதிரி நின்று சாய்ந்துவிடும், கும்பலாக இருந்தால் ஒன்றுக்கொன்று தாங்கிக்கொள்ளும். குழித்தட்டில் குழிக்கு எட்டுப் பத்து விதை, தயிர் டப்பாவில் மூன்று இடத்தில் மூன்று சிட்டிகை.

மேலே அரை சென்டிமீட்டருக்கு அதே கலவையைச் சலித்துத் தூவி லேசாக அழுத்துங்கள். இருட்டாக இருந்தால்தான் நன்றாக முளைக்கும், ஆகவே ஒரு பழைய செய்தித்தாளை மேலே போட்டுவிட்டு, வீட்டுக்குள் அல்லது மாடிப்படி அடியில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். தினம் ஒரு தடவை பேப்பரைத் தூக்கிப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஸ்பிரேயரில் தெளியுங்கள். குடத்திலிருந்து ஊற்றினால் விதை எல்லாம் ஒரு ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுங்கள். தமிழில், பெரிய எழுத்தில். வீட்டில் எல்லாரிடமும் சொல்லியும் வையுங்கள்.

முளைத்த பிறகு

பத்து நாளிலிருந்து மூன்று வாரம் வரை ஆகும், ஒரே நாளில் எல்லாம் வராது. முதலில் வருவதைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தால்தான் தெரியும், இலை நேராக நிமிர்ந்து வராது, தலைமயிர் ஒன்றை இரண்டு முனையும் மண்ணுக்குள் செருகிய மாதிரி ஒரு பச்சை வளையம் கிளம்பும். இரண்டு மூன்று நாளில் ஒரு முனை மண்ணிலிருந்து விடுபட்டு மேலே வரும், அந்த நுனியில் கறுப்பு விதைத்தோல் தொப்பி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தொப்பியைக் கழற்றிவிடலாம் என்று கை துறுதுறுக்கும், வேண்டாம், இழுத்தால் நாற்றே கையோடு வந்துவிடும்.

முதல் வளையம் தெரிந்த அன்றே பேப்பரை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் வெளுத்து, நீண்டு, விழுந்துவிடும். முதல் வாரம் காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டி நான்கு மணி நேரம். தண்ணீரை இப்போது கீழிருந்து கொடுப்பது நல்லது: ஒரு தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் விட்டு அதில் டப்பாவைப் பத்து நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். நாற்று அடியில் சுருங்கி, கொத்தாகச் சாய்ந்தால் அது நாற்றழுகல், தண்ணீர் அதிகம் காற்றோட்டம் குறைவு என்று அர்த்தம். விழுந்ததைக் காப்பாற்ற முடியாது, அதை மண்ணோடு எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் காற்றாட வையுங்கள்.

அப்புறம் ஒரு மாதத்துக்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். கீரை விதைத்தவர் பக்கத்தில் மூன்றாவது வாரம் அறுவடை செய்துகொண்டிருப்பார், உங்கள் சைவ்ஸ் நான்கு சென்டிமீட்டரில் நிற்கும். உரத்தைக் கொட்டி அவசரப்படுத்தாதீர்கள். வேர்தான் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது. ஐந்தாவது வாரம் மண்புழு உரத்தை ஊறவைத்து வடித்த தண்ணீரை ஒரு தடவை கொடுங்கள், போதும்.

தொட்டிக்கு மாற்றுவது

ஆறிலிருந்து எட்டு வாரத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் உயரம் வந்துவிடும், கோவையில் அது ஜனவரி முதல் வாரம், பொங்கலுக்கு முன் முடித்துவிடலாம். வேர் ஆழமாகப் போகாது, எட்டு அங்குல ஆழமுள்ள தொட்டி தாராளம், ஆழத்தைவிட அகலம் முக்கியம். மண் கலவை செம்மண் இரண்டு பங்கு, நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய எரு ஒரு பங்கு. அதோடு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. உங்களுக்குக் கிடைப்பது களிமண் என்றால் ஆற்று மணல் கொஞ்சம் சேருங்கள், தண்ணீர் தேங்கினால் அடி அழுகிவிடும்.

கொத்தைப் பிரிக்காமல் மண்ணோடு அப்படியே எடுத்து, டப்பாவில் இருந்த அதே ஆழத்தில் நடுங்கள். கொத்துக்குக் கொத்து ஒரு ஜாண் இடைவெளி. மாலையில் நட்டு, மூன்று நாள் நிழலில் வைத்து, பிறகு காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் கிடைக்கிற கிழக்குப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

தண்ணீர், உரம்

மண் எப்போதும் லேசான ஈரத்தில் இருக்க வேண்டும். விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். எங்கள் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் ஒரு குழாயிலும் போர் தண்ணீர் இன்னொன்றிலும் வரும். ஒரு மாதம் சோம்பல்பட்டு போர் தண்ணீரையே விட்டேன், தாள் நுனி எல்லாம் பழுப்பாகக் காய்ந்துவிட்டது. உப்புத் தண்ணீர் மட்டும்தான் உங்களுக்கு வழி என்றால் மழைநீரைப் பிடித்து வையுங்கள், அல்லது வாரம் ஒருமுறை அடி ஓட்டை வழியாக நன்றாக வடியும் அளவுக்கு ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவி விடுங்கள்.

தாள் பயிர் என்பதால் தழைச்சத்துதான் முக்கியம். கடலைப் புண்ணாக்கு ஒரு கைப்பிடியை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, ஒவ்வொரு அறுவடைக்குப் பிறகும் ஒரு குவளை. நாற்றம் பக்கத்து வீடு வரை போகும், சாயங்காலமாக ஊற்றுங்கள். அது முடியாதவர்கள் பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம்.

வெட்டுவது எப்போது, எப்படி

விதைத்த நாளிலிருந்து மூன்று மாதம் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். தாள் ஒரு ஜாண் உயரம், அதாவது பதினைந்து இருபது சென்டிமீட்டர் வந்து, தூர் கட்ட ஆரம்பித்தபிறகுதான் முதல் வெட்டு. நுனியை மட்டும் கிள்ளி எடுப்பது பலர் செய்கிற தவறு, கிள்ளின தாள் அந்த இடத்திலேயே காய்ந்து அசிங்கமாக நிற்கும். அடியிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் விட்டு, கூர்மையான கத்தரிக்கோலால், ஓரத்துத் தாள்களில் ஆரம்பித்து வெட்டுங்கள். முதல் வருடம் ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் மறுபடி வந்துவிடும்.

சமையலில் இதை வதக்கினால் வாசம் போய்விடும். அடுப்பை அணைத்தபிறகு தூவ வேண்டும். ஆம்லெட், வெண்ணெய் தடவிய ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு என்று ஊரெல்லாம் சொல்வது சரிதான், ஆனால் எங்கள் வீட்டில் அதிகம் போவது தயிர்சாதத்துக்கும் கல்தோசைக்கும். மிஞ்சினால் காயவைக்காதீர்கள், வைக்கோல்தான் மிஞ்சும், நறுக்கி ஃப்ரீசரில் வையுங்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் தொட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள், வெங்காயக் குடும்பம் மொத்தமும் அவற்றுக்கு விஷம்.

பூச்சி

பெரிய தொல்லை இரண்டு. இலைப்பேன் வந்தால் தாளில் வெள்ளி நிறக் கீறல்கள் தெரியும், வெயில் ஏறும் மார்ச்சில் அதிகம். கறுப்பு அசுவினி வந்தால் எறும்பு ஊர்வதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். இரண்டுக்கும் முதலில் பைப் தண்ணீரை வேகமாக அடியுங்கள். போகவில்லை என்றால் வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் சில சொட்டு, ஒரு லிட்டர் தண்ணீர், மாலையில் தெளிக்கவும். ரொம்ப மோசமானால் எல்லாத் தாளையும் அடியோடு வெட்டி எறிந்துவிடுங்கள், புதிதாக வரும். சைவ்ஸில் இந்த ஒரு வசதி உண்டு.

கோடையைத் தாண்டுவது

மார்ச் பாதியில் தொட்டியை இடம் மாற்றுங்கள்: காலை வெயில் மட்டும், பத்து மணிக்கு மேல் நிழல். இடம் இல்லையென்றால் 50 சதவீத நிழல்வலை. மண்மேல் காய்ந்த இலை அல்லது தேங்காய் நாரில் மூடாக்கு. மொட்டை மாடித் தளத்தில் நேரடியாக வைத்த தொட்டி அடியிலிருந்து வேகும், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். ஏப்ரல் மே மாதங்களில் வெட்ட வேண்டாம், உரமும் வேண்டாம். தாள் மஞ்சளாகி பாதி காய்ந்துபோகும், செத்துவிட்டது என்று மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். எங்களுக்கு ஜூனில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆரம்பித்த பத்தாவது நாள் அடியிலிருந்து பச்சை கிளம்பியது. நான்கு கொத்தில் ஒன்று போய்விட்டது, மூன்று தேறியது.

சமவெளியில் ஊதாப் பூவை எதிர்பார்க்காதீர்கள், பூக்க நல்ல குளிர் வேண்டும். மலைப்பகுதியில் பூத்தால் அதையும் உதிர்த்துச் சாலட்டில் போடலாம், வெள்ளை வினிகரில் ஊறவைத்தால் வினிகர் இளஞ்சிவப்பாக மாறும். விதை எடுக்க வேண்டுமானால் பூ காய்ந்து உள்ளே கறுப்பு தெரிகிறவரை விட்டு, காகிதப் பையில் தலைகீழாகத் தட்டுங்கள்.

இனி கார்லிக் சைவ்ஸ். அதன் தாவரவியல் பெயர் அல்லியம் டியூபரோசம், கூடவே ரோட்லர் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரென்று பார்த்தால், 1776-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து, தமிழ்-ஆங்கில அகராதி தொகுத்த அதே மிஷனரி! செடிகள் சேகரிப்பதும் அவர் வேலையாக இருந்திருக்கிறது. இந்தச் செடி வெயிலை நன்றாகத் தாங்கும், எங்கள் மாடியில் மே மாதத்திலும் பச்சையாகவே நிற்கிறது. விதைப்பு, நடவு, வெட்டு எல்லாம் மேலே சொன்னதுபோலத்தான். பூத்து விதை உதிர்ந்தால் பக்கத்துத் தொட்டியெல்லாம் முளைத்துவிடும், பூத்தண்டை முன்பே வெட்டி முட்டைப் பொரியலில் போட்டுவிடுங்கள்.

எதுவானாலும் இரண்டு மூன்று வருடத்தில் தூர் நெருங்கி, தாள் மெலிந்துவிடும். மழை தொடங்கியபின் அக்டோபர் கடைசியில் தொட்டியைக் கவிழ்த்து, தாளை நான்கு விரல் உயரத்துக்கு வெட்டிவிட்டு, கையாலேயே பிய்த்து, கொத்துக்கு எட்டுப் பத்துத் தண்டு இருக்கும்படி புதுமண்ணில் நடுங்கள். போன வருடம் அப்படிப் பிரித்ததில் ஏழு கொத்து வந்தது. நான்கு எங்களுக்கு, மூன்றை அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார், "கோரைன்னு புடுங்கிப் போட்றாதீங்க" என்று சொல்லி.